மூன்று சகலைகள் கரண்டு கார் வாங்கி, விற்று, வாங்கிய கதை

ஈரோட்டுப் பக்கம் கோணமூக்கனூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் யாருக்கும் மூக்கு கோணல் கிடையாது. பெயர் வைத்தவருக்கு இருந்ததோ என்னவோ. அங்கே கோயில் வீதியில், அக்கா தங்கைகள் மூன்று பேரைக் கட்டிய மூன்று சகலைகள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

மூத்தவர் சென்னியப்பன். அவர் சொன்னால் மற்ற இருவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர்கள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நடுவில் மாரப்பன். யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டார். யோசித்துச் செய்வதால்தான் அவர் செய்கிற தப்பு அவ்வளவு பெரிதாக இருக்கும். இளையவர் தெய்வசிகாமணி. அவருக்கு யோசனையே தேவைப்பட்டதில்லை.

அக்கா தங்கைகள் கெட்டிக்காரிகள். வீட்டுக்குப் பின்னால் நாலு பெரிய கிரைண்டர் போட்டு, இட்லி மாவு ஆட்டி, ஈரோட்டு ஹோட்டல்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்டுவது பெண்கள் வேலை, கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆண்கள் வேலை. ஆரம்பத்தில் ஆண்களுக்கும் ஆட்டுகிற வேலை கொடுத்துப் பார்த்தார்கள். "உளுந்தை நல்லா தண்ணில போடுங்க" என்றதற்கு மூவரும் மூட்டையோடு கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார்கள். அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது.

வியாபாரம் பெருகியது. பழைய மொபெட்டில் இரண்டு டிரம்முக்கு மேல் தொங்கவிட முடியவில்லை. அக்கா தங்கைகளில் மூத்தவளான வசந்தாமணி, சென்னியப்பன் மனைவி, ஒரு நாள் சகலைகளைக் கூப்பிட்டாள்.

"கரண்டு கார் ஒண்ணு வாங்கலாம். பன்னண்டு லட்சம் சேர்த்து வெச்சிருக்கறோம். நாளைக்கே வித்தாலும் நல்ல வெலை போற மாதிரி பார்த்து வாங்கிட்டு வாங்க."

வீதி முனையில் நின்று மூவரும் இதை ஆராய்ந்தார்கள்.

"நாளைக்கே விக்கறதுக்கு எதுக்குங்க சகல இன்னைக்கு வாங்கணும்?" என்றார் தெய்வசிகாமணி.

"இன்னைக்கு வாங்கலேன்னா நாளைக்கு எதை விப்பே?" என்றார் மாரப்பன்.

இது சரியாகப் பட்டதால் பஸ் ஏறினார்கள்.

ஷோரூமில் ஷர்மிளா என்று ஒரு பெண் அவர்களை உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, வெள்ளை நிறத்தில் ஒரு காரைக் காட்டினாள். கதவு, கண்ணாடி, பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். சென்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இதை நாளைக்கு வித்தா என்ன வெலைங்க போகும்?"

ஷர்மிளா பொய் சொல்லத் தெரியாத பெண். "சார், எந்தப் புது வண்டியா இருந்தாலும் நம்ம கேட்டைத் தாண்டின உடனே ஒரு லட்சமாவது விழுந்துரும். அப்புறம் கிலோமீட்டர் கம்மியா ஓடியிருந்தா, விக்கும்போது கொஞ்சம் நல்ல வெலை கிடைக்கும்" என்றாள்.

மூவரும் எழுந்து போய் அந்தக் கேட்டைப் பார்த்தார்கள். கேட்டுக்கு அடியில் சாக்கடை போய்க்கொண்டிருந்தது. மேலே கம்பிதான் போட்டிருந்தது.

"ஒரு லட்சமும் நேரா சாக்கடைக்குள்ளதான்" என்றார் சென்னியப்பன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

தெய்வசிகாமணி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கம்பியின் மேல் விரித்தார். மாரப்பன் தலையை ஆட்டினார். "ஒரு லட்சம் துண்டுல நிக்காது. வேட்டி வேணும்."

"நடு டவுன்ல வேட்டிய அவுக்கறதா?"

"லட்ச ரூபாய்க்கு அவுக்காம வேற எதுக்குங்க அவுக்கறது?"

சென்னியப்பன் வேட்டியின் முடிச்சில் கை வைத்துவிட்டார். நல்ல வேளையாக மாரப்பனுக்கு அப்போது வேறு யோசனை வந்தது. "சகல, வெளிய போனாத்தானே விழும்? நாம பின்னாலயே ஓட்டிட்டுப் போவோம். வண்டி மூஞ்சி ஷோரூமைப் பார்த்துட்டே இருக்கும். உள்ள வர்ற வண்டின்னு அந்தக் கேட்டு நெனச்சுக்கும்."

மூவரில் லைசென்ஸ் இருந்தது மாரப்பனிடம் மட்டும். டிராக்டருக்கு எடுத்தது, பிறகு காருக்கும் எடுத்திருந்தார். காருக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, ஷர்மிளா கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் ரிவர்ஸ் போட்டார். கார் சத்தமே இல்லாமல் பின்னால் போனது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. அது கேட்டுத் தூணின் சத்தம்.

பின்பக்கம் இடது மூலை உள்ளே போயிருந்தது. தெய்வசிகாமணி ஓடிப்போய்க் கம்பியைப் பார்த்தார். சிவப்பு விளக்கின் சில்லு ஒன்று கிடந்தது. அவ்வளவுதான்.

"லட்சம் விழவே இல்லீங்க! இது மட்டுந்தான் விழுந்துச்சு!" என்று அதைத் தூக்கிக் காட்டினார். ஷர்மிளா கைதட்டுவதை நிறுத்தினாள். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் வசந்தாமணி ஆறு டிரம் மாவைக் காருக்குள் ஏற்றிவிட்டு, "மாவு கார்லயே பத்திரமா போய்ச் சேரணும்" என்று சொல்லி அனுப்பினாள். ஈரோடு பதினெட்டு கிலோமீட்டர். போக வர முப்பத்தாறு. வீதி முனையில் கார் நின்றது.

"முப்பத்தாறு கிலோமீட்டர் ஏறிடுமே" என்றார் சென்னியப்பன். "வித்தா வெலை போகாதே."

"மாவும் போகணும், காரும் போகணும், கிலோமீட்டர் போகக் கூடாது" என்று மாரப்பன் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது எதிரே செங்கல் சூளையிலிருந்து ஒரு லாரி காலியாக வந்துகொண்டிருந்தது.

சூளை மேட்டில் பலகை போட்டுக் காரை லாரிக்குள் ஏற்றினார்கள். ஏற்றி முடித்த பிறகு லாரிக்காரர் காரை எட்டிப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேருங்களா?"

"புது வண்டிங்க. நேத்துதான் எடுத்தோம்."

"உள்ள என்னங்க?"

"மாவு."

"அப்போ அந்த டிரம்ம மட்டும் லாரில வெச்சிருக்கலாமே?"

மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "மாவு கார்லதான் போகணும்னு வீட்ல சொல்லியிருக்காங்க" என்றார் சென்னியப்பன். படிக்காதவர்களிடம் பேசும்போது அவர் குரல் எப்போதும் மென்மையாகிவிடும்.

லாரியின் மேல் கார், காருக்குள் மூன்று சகலைகள், மூவருக்கும் சீட் பெல்ட். அப்படியே ஈரோட்டுக்குள் நுழைந்தார்கள். சிக்னலில் நின்ற ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். எந்தக் குற்றம் என்று தெரியாததால் மறுபடி இறக்கிக்கொண்டார்.

இப்படிப் பன்னிரண்டு நாள் நடந்தது. பதின்மூன்றாம் நாள் லாரிக்காரர் வாடகை கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வசந்தாமணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், வாடகை கொடுத்தாள், அவர் போன பிறகு சகலைகளைக் கூப்பிட்டாள்.

"காரு இதுவரைக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குது?"

"இருபத்திரண்டு" என்றார் சென்னியப்பன் பெருமையாக. "அதுவும் ஷோரூம்ல இருந்து வந்ததுதான். பின்னால ஓட்டினது கழியும்னு பார்த்தோம். கழியல. அதுவும் கூடத்தான் ஏறுது."

வசந்தாமணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே காரு தரையிலதான் ஓடணும். முன்னாலதான் ஓடணும். ஒரு கிலோமீட்டருக்கு நெசமாவே என்ன செலவாகுதுன்னு எனக்குத் தெரியணும். ஷோரூம்ல ஒண்ணேகால் ரூபான்னாங்க. காரால ஆகிற செலவு ஒண்ணு விடாம வாரா வாரம் சொல்லணும்."

வீட்டில் கிரைண்டர் ஓடும்போது காருக்குச் சார்ஜ் போட்டால் பீஸ் போய்விடும். கிரைண்டர் நிற்பதே இல்லை. அதனால் ஈரோட்டில் மாவை இறக்கிவிட்டு, பைபாஸ் ஓரம் சார்ஜ் போடுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பார்கள். பக்கத்தில் பேக்கரி. ஒரு மணி நேரம் சும்மா நிற்க முடியுமா?

வாரக் கடைசியில் மாரப்பன் வாசித்தார். "கிலோமீட்டருக்குக் கரண்டு ஒண்ணேகால் ரூபா. போண்டா மூணு ரூபா. போண்டா செரிக்க சோடா அம்பது பைசா."

"போண்டாவுக்கும் காருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் வசந்தாமணி.

"கார் இல்லேன்னா நாங்க எதுக்கு அங்க நிக்கப் போறோம்? நிக்கலேன்னா எதுக்குத் திங்கப் போறோம்? நெசமான செலவு கேட்டீங்க, சொல்றோம். பேருதான் கரண்டு கார். முக்கால்வாசி போண்டாவுலதான் ஓடுது."

"போண்டா திங்கறதை நிறுத்துங்க" என்றாள் அவள்.

சொன்ன சொல் தட்டாதவர்கள். அடுத்த வாரம் போண்டா செலவு சுத்தமாக இல்லை. பஜ்ஜி நாலு ரூபாய்.

அந்தப் பஜ்ஜி தின்ற இடத்தில்தான் பல் டாக்டர் ஒருவர் பழக்கமானார். அவரும் கரண்டு கார் வைத்திருந்தார். நல்ல மனுஷன். கேட்காமலே யோசனை சொல்வார்.

"இந்த வண்டிக்கெல்லாம் பாதி வெலை பேட்டரிதாங்க. அது கெட்டா வண்டிய யாரும் சீந்த மாட்டாங்க. எப்பவும் இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவுலயே வெச்சுக்குங்க. அப்படி வெச்சுட்டா, எத்தனை வருஷம் கழிச்சு வித்தாலும் வெலை கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த இருபது, எந்த எண்பது, அது சார்ஜ் சதவீதமா என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. படித்தவர்களிடம் இதுதான் குறை.

மறுநாள் ஈரோட்டில் ஒரு பெரிய கல்யாணம். மண்டபத்துக்கு எட்டு டிரம் மாவு பதினொரு மணிக்குள் போயாக வேண்டும். போனதும் அவர்கள் குளிர் அறைக்குள் வைத்துவிடுவார்கள். மாலையில் பெண் அழைப்புக்கு அறுநூறு பேருக்கு இட்லி. "இது நல்லபடியா முடிஞ்சா மண்டபத்து ஆர்டர் பூரா நமக்குத்தான்" என்று சொல்லி, எட்டரை மணிக்கே ஏற்றி அனுப்பினாள் வசந்தாமணி. சித்திரை மாசம். அப்போதே வெயில் கல்லைச் சுட்டது.

கோயில் வீதி என்பது கோயிலை நாலு பக்கமும் சுற்றி வருகிற ஒரே வீதி. வீட்டை விட்டுக் கிளம்பிய கார் இருபதாம் நம்பர் வீட்டைத் தாண்டியதுதான், தெய்வசிகாமணி "நிறுத்துங்க!" என்று கத்தினார்.

"என்னாச்சு?"

"அங்க பாருங்க, கதவுல இருபதுன்னு போட்டிருக்குது!"

மூவருக்கும் ஒரே சமயத்தில் வெளிச்சமானது. டாக்டர் சொன்னது இதைத்தான்.

"அப்போ நடு எது?" என்றார் சென்னியப்பன்.

"எண்பதுல இருபது போனா அறுபது. அறுபதுல பாதி முப்பது. முப்பதாம் நம்பர் வீடு" என்றார் மாரப்பன்.

"இல்லீங்க சகல. எண்பதும் இருபதும் நூறு. நூறுல பாதி அம்பது" என்றார் தெய்வசிகாமணி. வாழ்க்கையில் அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். அதனால் யாரும் நம்பவில்லை.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. கயிறு வெச்சு அளந்துடலாம்" என்றார் சென்னியப்பன்.

காரைக் கண்ணாடி ஏற்றி, பூட்டி, முப்பதுக்கும் ஐம்பதுக்கும் பொதுவாக வெயிலில் நிறுத்தினார்கள். கோயிலில் தேர்க்கயிறு கேட்டார்கள். தர மாட்டேன் என்றதால் எதிர் வீட்டுத் துணி காயப் போடும் கயிற்றை வாங்கி, இருபதிலிருந்து அளக்க ஆரம்பித்தார்கள். வீதி மூலையில் திரும்பியதால் கயிறு சுவரில் மாட்டியது. மறுபடி அளந்தார்கள். முப்பத்தெட்டாம் நம்பர் வீடு இரண்டாகப் பாகம் பிரிந்து முப்பத்தெட்டு ஏ, முப்பத்தெட்டு பி என்று ஆகியிருந்தது. அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த வீட்டு அண்ணன் தம்பிகளும் வந்து கலந்துகொண்டதில், பழைய பாகப் பிரிவினைப் பேச்சு மறுபடி கிளம்பி, அதை மாரப்பன் சமாதானம் செய்துவைக்க வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு யாரோ கத்தினார்கள். "ஏனுங்க, உங்க காரு பொங்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். காருக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு குமிழ் வந்து உடைந்தது.

"பேட்டரிய நடுவுல வெச்சோமில்ல, பூரிச்சுப் போச்சு!" என்றார் தெய்வசிகாமணி.

சென்னியப்பன் கதவைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. அவருடைய முழங்கால் வரை வந்தது. மாரப்பன் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். புளித்திருந்தது.

"சகல" என்றார் தாழ்ந்த குரலில், "பேட்டரிக்குள்ள இட்லி மாவுதான் ஊத்தி வெச்சிருக்கறானுக. இதுக்குத்தான் பாதி வெலையாமா? நாமளே ஆட்டி ஊத்திக்கலாமே!"

விஷயம் கேட்டு வசந்தாமணி ஓடி வந்தாள். பார்த்தாள். திட்டுவதற்கு நேரமில்லை. தப்பித்த இரண்டு டிரம்மை ஓர் ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்கு அனுப்பினாள். தங்கைகளைக் கூப்பிட்டு, ஹோட்டல்களுக்கு வைத்திருந்த மாவையெல்லாம் திருப்பி அங்கே அனுப்பினாள். கல்யாண இட்லி ஒரு வழியாகத் தப்பியது. ஹோட்டல்களுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு ஒரு நாள் பூரி போட்டுச் சமாளிச்சுக்குங்க" என்று கெஞ்சினாள். எல்லாம் முடிந்த பிறகு, மறுநாள் காலையில், கழுவிக் காய்ந்தும் புளிப்பு வாசம் போகாத காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதை வித்தா என்ன வெலை போகும்னு தெரிஞ்சுட்டு வாங்க" என்றாள். "முடியல என்னால."

ஈரோட்டில் ரங்கதுரை என்று ஒருவர் பழைய கார் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். நேர்மையானவர். அதனாலேயே ஒரே கடையோடு இருந்தார். காரைப் பார்த்தார், உள்ளே தலையை விட்டார், உடனே வெளியே எடுத்தார். இடது மூலையைத் தட்டிப் பார்த்தார்.

"ஏழு லட்சம் போகுங்க."

"எப்போ போகும்?" என்றார் சென்னியப்பன்.

"வித்தா போகும்."

"விக்கலேன்னா?"

"விக்கலேன்னா எப்படிங்க போகும்?"

சகலைகள் ஓரமாகப் போய்க் கூடினார்கள். "வித்தா என்ன போகும்னுதான் கேட்டிருக்கறாங்க. விக்காம போய்ச் சொன்னா அது நெசமில்லையே, உத்தேசந்தானே" என்றார் மாரப்பன்.

விற்றார்கள். ஏழு லட்சத்தை மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து, மத்தியானம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"ஏழு லட்சம்!" என்றார் சென்னியப்பன் வாசலிலேயே. "சுத்தமா, துல்லியமா ஏழு. உத்தேசமெல்லாம் இல்லை."

வசந்தாமணி பையைப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் வீதியைப் பார்த்தாள். மறுபடி பையைப் பார்த்தாள்.

"காரு எங்கீங்க?"

"வித்தாச்சு. வித்தாத்தானே வித்தா என்ன போகும்னு தெரியும்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு சத்தம் வந்தது. கோயில் மணி அடிப்பது நின்றுபோகிற மாதிரியான சத்தம். "சாயங்காலம் மாவு எதுலங்க போகும்? காரோட வந்தா வாங்க! இல்லேன்னா இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது!"

தெய்வசிகாமணி வாசற்படியை மிதிக்காமல் ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே போனார். அவருடைய மனைவி அவரைத் திருப்பி அதே மாதிரி வெளியே அனுப்பினாள்.

மூவரும் மஞ்சள் பையோடு மறுபடி ஈரோட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் கவலை. ஏழு லட்சத்துக்குப் புதுக் கார் வராது. கடைசியில் மாரப்பன்தான் சொன்னார். "புதுசு வாங்கறவனுக்குத்தான் நட்டம். கேட்டைத் தாண்டினதும் விழறதெல்லாம் அவன் தலையில விழும். நாம பழசு வாங்குவோம்."

ரங்கதுரை கடையில் முன்வரிசையில், கழுவித் துடைத்து, ஒரு வெள்ளைக் கார் நின்றது.

"சகல! நம்ம கார் மாதிரியே!" என்றார் தெய்வசிகாமணி.

"நம்மளுதை விட இது பளபளன்னு இருக்குது" என்றார் சென்னியப்பன்.

மாரப்பன் சுற்றி வந்து பின்னால் குனிந்தார். "இங்கயும் இடது மூலை நசுங்கியிருக்குது பாருங்க. கம்பெனியே அப்படித்தான் செஞ்சு அனுப்பறான் போல. நாமதான் தூணு மேல பழியப் போட்டுட்டோம்."

உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்கள். அதே புளிப்பு வாசம். கம்பெனி வாசம் என்று முடிவாயிற்று.

ரங்கதுரை வெளியே வந்தார். "வாங்க, வாங்க. என்னங்க, மனசு மாறிட்டீங்களா?"

"இது என்ன வெலைங்க?"

"இதுவா?" ரங்கதுரை சிரித்தார். "அண்ணா, இது உங்க காருங்க."

"வாங்கறதுக்கு முன்னால எல்லா வியாபாரியும் 'இது உங்க கார்'னுதான் சொல்லுவாங்க" என்றார் மாரப்பன். "வெலையச் சொல்லுங்க."

"அதில்லீங்க. நெசமாவே உங்க கார். காலைல நீங்க குடுத்தது. அந்த ஏழு லட்சத்தையே குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

சகலைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "லாபமே வேண்டாங்கறான். அப்போ வண்டில ஏதோ கோளாறு இருக்குது" என்றார் சென்னியப்பன் காதோடு காதாக.

"ஒரு கோளாறும் இல்லீங்க!"

"கோளாறு இல்லேன்னா எதுக்குக் கம்மியாக் கேக்கறீங்க? ஏழேகால் வாங்கிக்குங்க. அப்பத்தான் எங்களுக்கு நம்பிக்கை வரும்."

ரங்கதுரை அரை மணி நேரம் போராடினார். ஏழுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றார். இவர்கள் ஏழேகாலுக்குக் கீழே தர மாட்டோம் என்றார்கள். கடைக்கு வந்த மற்றவர்கள், இவர் ஏன் விலையைக் குறைக்கிறார் என்று யோசித்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் அவர் தோற்று, ஏழேகாலுக்குச் சம்மதித்தார். கால் லட்சத்தை மாரப்பன் அந்த நிமிஷமே வசந்தாமணியின் கணக்கிலிருந்து போனில் அனுப்பினார். அவர்கள் முதுகு திரும்பியதும் ரங்கதுரை அந்த இருபத்தைந்தாயிரத்தை வசந்தாமணிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

சகலைகளின் சந்தோஷத்துக்கு அளவில்லை. "பன்னண்டு லட்சம் வண்டி ஏழேகாலுக்கு! நாலேமுக்கால் லட்சம் மிச்சம்! வசந்தாமணி காலத்துக்கும் சொல்லிட்டே இருப்பா" என்றார் சென்னியப்பன்.

மாரப்பன் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, பழைய சொந்தக்காரர் பேரைப் பார்த்தார். "சென்னியப்பன்னு போட்டிருக்குது. உங்க பேருங்க சகல!"

"நாட்டுல எத்தனையோ சென்னியப்பன். ஊரு?"

"கோணமூக்கனூர். கோயில் வீதி."

"நம்ம வீதியா!" சென்னியப்பன் கண் கலங்கிவிட்டார். "இத்தனை வருஷமா ஒரே வீதில இருந்தும் மனுஷனைப் பார்த்ததில்லையே. பாவம், பன்னண்டு லட்சம் போட்டு வாங்கி ஏழுக்கு வித்திருக்கறான். அவன் நட்டத்துலதானே நாம லாபம் பார்த்தோம்? ஒரு எட்டுப் பார்த்து ஆறுதல் சொல்லிட்டுப் போவோம்."

சாத்துக்குடி ஆறும் பிரெட் பாக்கெட் ஒன்றும் வாங்கிக்கொண்டு, கதவு நம்பரைப் பார்த்துப் பார்த்து வந்து, ஒரு வீட்டு முன்னால் காரை நிறுத்தினார்கள். வீடு பூட்டியிருந்தது. அக்கா தங்கைகள் மூவரும் ஆட்டோ பிடித்து, சாயங்கால மாவை ஏற்றிக்கொண்டு ஈரோட்டுக்குப் போயிருந்தார்கள்.

"வீடு நம்ம வீடு மாதிரியே வசதியாத்தான் இருக்குது" என்றார் மாரப்பன்.

"நம்ம சாவி போட்டுப் பார்க்கட்டுங்களா?" என்றார் தெய்வசிகாமணி.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்தவன் வீட்டுப் பூட்டுல கை வைப்பியா? ஏற்கெனவே நொந்துபோயிருக்கற மனுஷன்!"

அதனால் ஒரு கடிதம் எழுதி, பழத்தையும் பிரெட்டையும் வாசலில் வைத்து, அதன் மேல் செருகிவிட்டு வந்தார்கள்.

"உயர்திரு சென்னியப்பன் அவர்களுக்கு. தங்கள் காரை வாங்கியவர்கள் எழுதிக்கொள்வது. தங்கள் நட்டத்துக்கு வருந்துகிறோம். நேரில் பார்க்க வந்தோம். வீடு பூட்டியிருந்தது. மனதைத் தேற்றிக்கொள்ளவும். இப்படிக்கு, சென்னியப்பன், மாரப்பன், தெய்வசிகாமணி."

பிறகு காரில் ஏறி, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, தங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் சாத்துக்குடி இருந்தது.

"யாரோ வந்திருக்கறாங்க!" என்று தெய்வசிகாமணி கடிதத்தை எடுத்தார். மாரப்பன் உரக்கப் படித்தார். சென்னியப்பன் கடைசி வரை கேட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல மனுஷங்க பாருங்க. நாம காலைல வித்த காரை வாங்கினவங்க. பேரு கூட நம்ம பேராவே இருக்குது, ஏதாவது சொந்தமாத்தான் இருக்கும். பழமெல்லாம் வாங்கிட்டு வந்து, நாம இல்லாம திரும்பிப் போயிருக்கறாங்களே!"

"சாத்துக்குடி இன்னும் சூடா இருக்குதுங்க. ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாங்க" என்றார் மாரப்பன். "ஏறுங்க, பிடிச்சுடலாம்!"

மூவரும் பாய்ந்து ஏறினார்கள். கோயில் முன்னால் பூ விற்கிற அம்மாள் தலையைத் தூக்காமல் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, வெள்ளைக் கார்ல மூணு பேர் இந்தப் பக்கம் போனதைப் பார்த்தீங்களா?"

"இப்பத்தான் போனாங்க, கிழக்கால."

கிழக்கால் போனார்கள். ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தார்கள். மறுபடி கேட்டார்கள்.

"இப்பத்தானுங்க போனாங்க. கொஞ்சம் முன்னால வந்திருந்தா பிடிச்சிருக்கலாம்."

எட்டாவது சுற்றில் பூக்காரம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னாள். "அதே மூணு பேரா? திரும்பத் திரும்ப இந்த வழியாத்தான் போறாங்க. அவங்களும் யாரையோ தேடிட்டிருக்கறாங்க போல."

"பாவம், வெளியூர்க்காரங்க" என்றார் சென்னியப்பன். "மாரப்பா, வேகமா ஓட்டு. அவங்க யாரைத் தேடறாங்களோ, முதல்ல அதைக் கண்டுபிடிச்சுக் குடுத்துடுவோம்."